அப்பாவும் அந்தப் பேசும் பெட்டியும்

கல்லடி,
தை மாதம், சனிக்கிழமை.

அன்பு மகள் கிருஷாந்தினிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் குட்டியும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாரிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் இந்த முறை சுகத்தை மட்டும் எழுதி ஒட்டிவிட முடியாது. முகம் பார்த்துப் போனில் கதைக்கிற காலத்தில் இதென்ன அம்மா கடிதம் என்று நீ சிரிப்பாய், சிரி. போனில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்கும், வட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரும் வாசிப்பார், ஒரு போனுக்கு இரண்டு பேர் நாங்கள். அதுதான், நான் தையலுக்குத் துணி எடுக்கிற காத்தான்குடி சரீப் நானாவின் மகள் உன் ஊருக்குப் பயணம் என்று கேள்விப்பட்டதும், இறால் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிற சாட்டில் இதையும் பொதிக்குள் வைத்துவிட்டேன்.

முதலில் ஊர்ப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். மார்கழி முழுக்க விடாத மழை, வாவி நிறைந்து தண்ணீர் பின்வளவு வேலி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, உள்ளே வரவில்லை, பயப்படாதே. கரடியனாற்று வட்டையில் உதயரூபன் மாமாவின் நெல் தப்பிவிட்டது, ஒரு மூலை வயல்தான் சாய்ந்ததாம், அடுத்த மாதம் வெட்டுவார்கள். மாமி உன் குட்டிக்குச் சட்டை தைக்கச் சொல்லித் துணி தந்திருக்கிறா, வளருகிற பிள்ளைக்கு அளவு தெரியாமல் நான் எப்படித் தைப்பது, அளவு எடுத்து அனுப்பு. நீ தொப்பி போடாமல் காருக்கு ஓடுகிறாய் என்று மருமகன் சொன்னார். எனக்குக் கோள் சொல்ல அங்கேயும் ஆள் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் பிறந்தநாளுக்குப் பிறகு நீ போன் எடுத்தபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா படுத்திட்டார், அப்பா கோயிலடிக்குப் போயிட்டார் என்று சொன்னேனே, அதெல்லாம் பொய் மனே. அவர் என் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார். போனை நீட்டினால் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். உன்னோடு மட்டும் என்று நினைக்காதே, என்னோடும் ஒரு சொல் இல்லை. தேத்தண்ணி வேண்டுமென்றால் கோப்பையைக் காட்டுவார், வேண்டாமென்றால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். வீட்டில் ஓயாமல் கதைக்கிற மனுசன் ஒருவர் இருந்து பழகியவளுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

போன வருசம் பாரிசவாதம் வந்து அப்பா எழும்பியபோது கால் தேறிவிட்டது, கையும் கொஞ்சம் தேறிவிட்டது, நாக்குத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அவர் எவ்வளவு வெட்கப்பட்டார் என்பது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் நின்று இங்கிலீசு படிப்பித்தவர், ஒரு பிள்ளை ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்தால் பத்துத் தரம் சொல்ல வைத்தவர், ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் நீ அந்தப் பேசும் பெட்டியை அனுப்பினாய். நான் முதலில் உன்னைத் திட்டினேன், வீட்டில் மனுசர் இருக்கப் பெட்டியோடு கதைக்கவா என்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பெட்டி அவரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. வாயைப் பார்க்கவில்லை, ஐயோ பாவம் சேர் என்று சொல்லவில்லை. விடிந்ததும் அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உன் ஊரில் இன்றைக்குக் குளிர் எவ்வளவு என்று இங்கிலீசில் கேட்பார். முதலில் அதற்குப் பிடிபடாது, திரும்பக் கேட்பார், பிறகு பிடிபடும். மைனஸ் பதினெட்டாம், பிள்ளை காதை மூடிக்கொண்டு போகுமோ என்று குசினிக்கு வந்து எனக்கு இழுத்து இழுத்துச் சொல்வார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற வதனி மிஸ்கூட, சேருக்கு நல்ல முன்னேற்றம், அந்தப் பெட்டியை விட்டிடாதீங்க என்று சொன்னா.

அப்படி இருந்தவர்தான் உன் பிறந்தநாளோடு வாயை மூடிக்கொண்டார். பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. எனக்கு வந்த பயம், இன்னொரு வாதம் தெரியாமல் வந்துபோய்விட்டதோ என்று. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன், ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டுப் புதிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். வதனி மிஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தா, ஒரு எழுத்துக்கூட வாயைத் திறக்கவில்லை. இப்படியே விட்டால் தேறின நாக்கும் திரும்பவும் விறைத்துப் போகும் அம்மா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா. உனக்கு அறிவித்தால் வேலையையும் பிள்ளையையும் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று நான் மூச்சு விடவில்லை. கோபித்துப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பிடித்த இறால் சொதி வைத்துப் பார்த்தேன், சொதி மட்டும் முடிந்தது.

போன செவ்வாய்க்கிழமை, பொழுதுபடுகிற நேரம். அப்பா படுத்திருந்தார், நான் அவருடைய அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். இன்டர்நெட்டில் படம் பார்க்க ரிவியில் செருகச் சொல்லி நீ அனுப்பிய குச்சியும் சில நாளாக வட்டம் சுற்றிச் சுற்றி நின்று நின்றுதான் படம் காட்டியது, அந்த எரிச்சலில் நாடகமும் பார்க்கவில்லை. விளக்கு வைக்க முன் ஒரு தேவாரமாவது கேட்போம் என்று பெட்டியிடம் கேட்டேன், நீ சொல்லித் தந்த மாதிரியே. அதன் தலையில் வெளிச்சம் சுழன்றது, பிறகு இங்கிலீசில் ஏதோ மன்னிப்புக் கேட்டது. எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. கட்டில் கிறீச்சிட்டது, திரும்பிப் பார்த்தால் அப்பா எழும்பி உட்கார்ந்திருக்கிறார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் கோணி, எச்சில் வழிந்து, கடைசியில் சொல் வந்தது.

"ஒனக்குமா?"

துள்ளி எழும்பினேன் மனே. மடித்த உடுப்பெல்லாம் கீழே. என்னகா சொன்னது அது, சொல்லுங்க என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விளக்கும் வைக்கவில்லை, சோறும் ஆக்கவில்லை, துண்டு துண்டாக அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். அந்தப் பெட்டியாலே உன்னைக் கூப்பிடவும் முடியுமாம், பெயரைச் சொன்னால் போதுமாம். பட்டனை அழுத்தி நான் போனைக் கையில் கொடுக்காமல், தன் வாயால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. உன் பெயர் லேசான பெயரா, வைத்தவரும் அவர்தான். குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார், நான் குழாயை மூட மறந்துபோகிறார் என்று ஏசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு நான் உன் பெயருக்கு அருச்சனை செய்யக் கோயிலுக்குப் போன நேரம் கூப்பிட்டிருக்கிறார். மன்னிக்கவும், எனக்கு விளங்கிக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது என்று பெட்டி சொன்னதாம். திரும்பச் சொன்னாராம், அதே பதில். முன்னெல்லாம் ஒன்றிரண்டு தரத்தில் பிடிபட்டதுதானே, அன்றைக்கு எத்தனை தரம் சொல்லியும் அதே பதில். பெற்ற பிள்ளையின் பெயரையே சொல்லத் தெரியாதவன் இனி எதைக் கதைத்து என்ன என்று இருந்துவிட்டாராம். அதை அவர் சொல்லி முடித்தபோது நான் அழுதேன், அவரும் அழுதார்.

சாமான் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று நீ சொல்லித் தந்த பாடத்தை மற்ற நாள் காலை ஆரம்பித்தேன். பெட்டியின் பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போட்டேன். ரிவிக் குச்சியையும் அப்படியே செய்தேன். ஒன்றும் சரிவரவில்லை. பிறகு இன்டர்நெட் கொம்பனிக்குப் போன் எடுத்தேன், நெடுநேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பிள்ளை வந்தது, அன்பான பிள்ளை. எந்த வெளிச்சம் எரிகிறது, எத்தனை போன் பாவிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, றவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் அம்மா என்று கேட்டது. இந்த வாடைக்காற்றில் இங்கே ஒரு சாமானும் தங்காது என்று உனக்குத் தெரியும்தானே, போன மழைக்குப் பழைய றவுட்டரின் பிளக் முனையை உப்புத் தின்று தீர்த்துவிட்டது. அதனால் உன் பிறந்தநாளுக்கு முதல் நாள், நான் பெரிய தகரப் பிஸ்கட் பேணி ஒன்றில் வயர் போக ஓட்டை போட்டு, றவுட்டரை அதற்குள் பத்திரமாக இறக்கி, எறும்பு போகாமல் மூடியையும் போட்டு ரிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை அப்படியே பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிறது என்று விளங்கியது. தகரத்துக்குள்ளே வைத்தால் சிக்னல் எப்படி அம்மா சுவர் தாண்டி அடுத்த அறைக்குப் போகும் என்று கேட்டது. அப்படியென்றால் பெட்டி ஏன் விளங்கவில்லை என்று சொல்கிறது என்று நான் விடாமல் கேட்டேன். அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டதும் போனின் சத்தத்தைக் கூட்டி அப்பாவின் காதடியில் பிடித்து, திரும்பவும் ஒருக்கால் சொல்லு பிள்ளை என்றேன்.

"நெட் சரியா கிடைக்காட்டி அது எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும் அம்மா. கதைக்கிற ஆளில பிழை இல்ல."

றவுட்டரை வெளியே எடுத்து, கொம்பனிக்காரப் பிள்ளை சொன்ன மாதிரி உயரமாக ஷோகேசுக்கு மேல் வைத்தேன். அப்பா பெட்டிக்கு முன்னால் போய் உன் ஊர்க் குளிரைக் கேட்டார், சொன்னது. வேலை இல்லாமல் இன்னொரு முறை கேட்டார், அதற்கும் சொன்னது. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் வாயை மூடப் பார்த்தாய், கடைசியில் ஒரு பிஸ்கட் பேணி மூடியால் மூடிவிட்டாய் என்றார். அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா, முழுதும் கேட்டுக்கொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோசம் எனக்கு. அந்தப் பேணிக்குள் இப்போது உளுந்து போட்டு வைத்திருக்கிறேன்.

இனி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வியாழக்கிழமை காலை நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கும்போது அறைக்குள் உன் பெயர் கேட்டது. பாதியில் உடைந்தது, திரும்பக் கேட்டது, பிறகு முழுசாக வந்தது. பெட்டிக்குள் மணி அடித்தது, அடித்து அடித்து நின்றுவிட்டது. நீ வேலையில் நின்றிருப்பாய், அங்கே போன் கையில் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பின்னேரம் நீ எழுதியிருந்தாய், அந்தப் பெட்டியில் இருந்து மிஸ்ட் கோல் வந்திருக்கிறது, யாருக்கோ கைபட்டிருக்கும், பிளக்கைக் கழற்றி வையுங்கள் அம்மா என்று. அதை அப்பா காண முன் அழித்துவிட்டேன். அது கைபட்டு வந்த கோல் இல்லை மனே. உன் அப்பா உன்னைக் கூப்பிட்டவர்.

பிள்ளைக்கு வேலை கூடுதல், அடுத்த கிழமை கூப்பிடுங்கள் என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் கதைக்க மாட்டாராம், தான்தான் கூப்பிட வேண்டுமாம், அந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா. பொதி கைக்கு வந்ததும் கருவாடு கிடைத்தது என்று மட்டும் எழுது, உனக்கு எந்த நேரம் ஓய்வு என்றும் எழுது, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். லைன் வெட்டி வெட்டி வந்தால் லைன் சரியில்லை அப்பா என்று சொல், விளங்கவில்லை என்று வாய் தவறியும் சொல்லாதே.

தாயும் பிள்ளையும் மருமகனும் நீண்ட காலம் நல்லாய் இருக்க வேண்டும், பிள்ளையார் உங்களுக்குத் துணை நிற்பார். மணி அடித்தால் உடனே எடு, ஆனால் நீ முந்தாதே, ஹலோவும் சொல்லாதே, பெயரைப் பாதியில் எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவர் சொல்லி முடிக்கட்டும். முடிந்த பிறகு, ஓம் அப்பா, நல்லா விளங்குது என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகசூரியம் வசந்தாதேவி