மூன்றாவது பெயர்

அக்டோபர் 13, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்கு லேட். குடை பஸ்ஸிலேயே போயிற்று.

புதன்கிழமை என்னிடம் மறதிப் பரிசோதனைக்கு வருபவர்களில் ஒரு பெயர். பூதப்பாண்டி விலாசம். எங்கள் பழைய புரொபசர்! இரண்டு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

நேற்று சபையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். ஒன்றும் காதில் ஏறவில்லை. கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நர்ஸ் பிந்து: "என்னக்கா, இன்னைக்கு ஒரே குஷி?" குடை தொலைந்த குஷி என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

புழுக்கம். வாங்க வேண்டியவை: சாளை மீன், குடை, அம்மாவுக்குத் தைலம்.

புரொ.வின் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். நாஞ்சில் நாட்டு முதியோரின் மறதி நோய். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கியது நான். நாய்க்கடி பட்டது நான். எழுதும்போது மூன்றாவது பெயர் என்னுடையது. அச்சில் இரண்டே பெயர். கேட்டதற்கு, "ரெண்டு போதும் ஷைலா. மூணாவது எதுக்கு?"

காரணம் தெரியும். மல்லுக்கு நின்றேன். 'இது என்ன வருஷம்' என்று கேட்டால் இங்கே வயதானவர்கள் பலர் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டைத்தான் சொல்வார்கள். கல்யாணக் கடிதத்தில், கோயில் நோட்டீசில் அதுதானே இருக்கிறது. அப்படிச் சொன்ன ஒரு விவசாயிக்குப் பூஜ்யம் போட்டார். சரியான விடைதானே சார் என்றேன்.

"உலகம் பூரா ஒரே அளவுகோல்தான், கேட்டியா. ஊர்ப்பழக்கத்தப் பாத்தா பேப்பர் எழுத முடியாது."

அந்த மனிதருக்கு மறதி நோய் என்று எழுதியாயிற்று. மகன் பம்புசெட் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். வயல் வரப்பில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

இப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பதும் புரொ.வின் டெஸ்ட்தான். அவர் போட்ட மார்க் எல்லைதான்; அதற்குக் கீழே போனால் நோய். நாளை அதே தராசில் அவர். விடமாட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வெயில். புரொ. வந்தார். சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. கூட வந்த மனைவி என்னை முன்பு பார்த்ததே இல்லை.

அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்து: "மக்கா, மவன் சென்னையில இருக்கான். நோயின்னு எழுதி வந்தா வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் கொண்டு போயிருவேங்கான். அங்க நாலாம் மாடி. இவரு தாங்க மாட்டாரு. கொஞ்சம் பாத்துப் போடு."

பார்த்துத்தான் போடுவேன் என்றேன்.

நினைவில் வைக்க மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். ஆள் பெயர் கூடாது என்பது விதி. நான் சொன்னது: சாவி, மாங்காய், ஷைலா. முகத்தைப் பார்த்தே சொன்னேன். திருப்பிச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை.

கிழமை சரி. மாதம், "புரட்டாசி கடைசி." சரி. வருஷம்?

"ஆயிரத்தி இருநூத்தி ஒண்ணு."

சட்டென்று சொன்னார். கொல்லம் ஆண்டு! எழுந்து ஆடலாம் போலிருந்தது.

கணக்கு, படம் எல்லாம் முடிந்து, அந்த மூன்று வார்த்தை என்ன?

"சாவி. மாங்கா."

மூணாவது?

யோசித்தார். "ரெண்டு போதாதா?"

மூன்றாவதுக்கு மார்க் இல்லை என்று குறித்தேன்.

கூட்டிப் பார்த்தேன். வருஷத்துக்கு மார்க் கொடுத்தால் எல்லைக்கு மேலே. கொடுக்காவிட்டால் கீழே. அவரிடமே கேட்டேன்: கொல்லம் ஆண்டைச் சொன்னால் மார்க் உண்டா சார்?

பழைய குரல் அப்படியே வந்தது. "கிடையாது. உலகம் பூரா ஒரே அளவுகோல்தான்."

"ஐயோ, சும்மா இரியுங்களேன்!" என்றார் அந்த அம்மா.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை.

அக்டோபர் 16, வியாழன்

இடி. கரண்ட் இல்லை. சாளை ருசியே இல்லை.

வருஷத்துக்குப் பூஜ்யம்தான். அவரே கேட்டு வாங்கியது. நாலாம் மாடியில், அந்த விவசாயி வரப்பில் நின்ற மாதிரி நிற்கட்டும். நாள் பூரா இதே நினைப்பு. இனித்தது, ஒளிப்பானேன்.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது உறைத்தது. நான் பூஜ்யம் போட்டால் அவர் கட்டுரை சரி என்று ஆகிவிடும். அதற்கு என் கையெழுத்து வேறு. அது நடக்காது.

அக்டோபர் 17, வெள்ளி

தூறல். அந்த ஒரு மார்க்கைப் போட்டேன். இரக்கமெல்லாம் இல்லை. கீழே எழுதியது: கொல்லம் ஆண்டு சரியான விடை. கட்டுரையின் விதி தவறு. ஆறு மாதத்தில் மறுபரிசோதனை. என் முழுப் பெயர், பெரிய எழுத்தில். கட்டுரை வந்த பத்திரிகைக்கும் கடிதம் பாதி எழுதியாயிற்று. பம்புசெட் சாவியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நல்லா இருப்ப மக்கா."

புரொ. தாளை வாங்கி மூக்கருகே வைத்துப் படித்தார். "இந்த மார்க்கு தப்பு. யாரு போட்டது?"

நான்தான் சார், கீழே பெயர் இருக்கிறது என்றேன்.

விரல் வைத்து வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. இத்தனை வருஷம் நான் காத்திருந்தது அந்த ஒரு பார்வைக்குத்தான்.

"ஷைலா! மூணாவது வார்த்தை இதுல்லா?"