கோழிக்குத் தண்ணி ஆர் வைக்கிறது?

அக்கா,

இன்று காலை நிலவறையை ஒழுங்குபடுத்தும்போது, பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் உங்கள் கறுப்பு ரப்பர் தொட்டி அகப்பட்டது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். டயர் வாசனை, அதற்கு அடியில் எங்கோ நனைந்த மக்காச்சோள வாசனை. "இது எதுக்கு, தூக்கிப் போட்டுரலாமா?" என்றாள் மனைவி. "கோழி தண்ணி குடிக்கிற தொட்டி" என்றேன். "நம்மகிட்ட ஏதுங்க கோழி?" என்றாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு மதியச் சாப்பாடு கிடையாது என்று தோன்றியது. அதனால் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

யூரோ நோட்டுகள் இன்னும் மொடமொடப்பு போகாமல் இருந்த காலம் அது. ஹனோவருக்கு வெளியே, டிராம் கடைசி நிறுத்தத்தில் இறங்கி இன்னும் கால் மணி நேரம் நடந்தால் உங்கள் வீடு. மாடியில் நான் குடிவந்தேன். நீங்கள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பின்வளவில் ஆறு கோழிகள். அவற்றின் பெயர்களைக் கேட்ட அன்று நான் சிரித்த சிரிப்பில் உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது. டொக்டர், எஞ்சினியர், லோயர், ரீச்சர், கிளாக்கர், கடைசியாக வந்த குட்டைக்கோழிக்கு மட்டும் சும்மா 'குஞ்சு'. "எங்கட வீட்டிலை ஒரு டொக்டராவது வரவேணும் எண்டு அம்மா கோயில் கோயிலா நேத்தி வைச்சவ. பாவம், இப்பவாவது வந்திருக்கு" என்றீர்கள்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் தண்ணீர் வருமா வராதா என்பதுதான் கவலை. அது கல்லாகிவிடுமே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. உங்கள் வீட்டில் முதல் டிசம்பரில் ஒரு காலை சன்னலிலிருந்து பார்த்தேன். நீங்கள் ரப்பர் தொட்டியைக் கவிழ்த்து முதுகில் ஒரு மிதி மிதித்தீர்கள். வட்டமான பனிக்கட்டி முழுசாக விழுந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுப்படியிலிருந்து இன்னொரு தொட்டியைக் கொண்டுவந்து வைத்தீர்கள். ஒன்று வெளியே உறையும்போது மற்றது உள்ளே இளகும். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, அவை கூட்டுக்குள் ஏறுமுன் ஒரு தடவை. இளஞ்சூட்டுத் தண்ணீர், அதுவும் கூட்டுக்கு வெளியில்தான். கோழிக்குத் தீனி ஒருநாள் இல்லாவிட்டாலும் சமாளிக்கும், தண்ணீர் இல்லாவிட்டால் முதலில் முட்டை நிற்கும், பிறகு கோழியே நிற்காது என்பீர்கள்.

எனக்கோ படித்த திமிர். "உப்பு போட்டா உறையாதுக்கா. ஃப்ரீசிங் பாயின்ட் இறங்கிரும்" என்றேன்.

"ஓம் தம்பி. உப்புத் தண்ணியைக் குடிச்சுக் கோழி சாகும். பேந்து கறிக்கு உப்புப் போடத் தேவையில்லை. நல்ல ஐடியா" என்றீர்கள். ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கறிக்கு உப்பு காணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் நீங்கள் எங்கும் போகமாட்டீர்கள். கொலோனில் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "கோழிக்குத் தண்ணி ஆர் வைக்கிறது?" கோடைகாலத்தில் கூப்பிட்டாலும் அதே பதில்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொலோனில் உங்கள் அண்ணன் இருந்தார். உங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது அவர் வரவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அண்ணனுக்குக் கடை, தங்கைக்குக் கோழி. சாக்குச் சொல்வதில் இருவரும் ஒரே ரத்தம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த குளிர்காலத்தில், ஜனவரியின் படு குளிர் வாரம் ஒன்றில், அண்ணன் மகளின் போன் வந்தது. நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவள் அழுவது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "மாமி, அப்பாவுக்கு இனி ஏலாது எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டினம். உங்களைத்தான் கேக்கிறார்."

நீங்கள் சன்னல் வழியே பின்வளவைப் பார்த்துக்கொண்டே, "கோழிக்குத் தண்ணி ஆர் பிள்ளை வைக்கிறது?" என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம் எனக்கே ஆச்சரியம். "நான் வைக்கிறேன்" என்று படியிலிருந்தே கத்தினேன்.

"உமக்கு ஏலாது தம்பி."

"நான் எஞ்சினியர்க்கா."

"எஞ்சினியர் கூட்டுக்குள்ளயும் ஒண்டு நிக்குது. அதுக்கும் ஏலாது."

விடுவேனா? அன்று மாலையே கடைக்குப் போய், தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் மின்சாரச் சூட்டுத் தட்டு ஒன்று வாங்கி வந்தேன். அடுப்படிச் சன்னல் வழியாக வயர் இழுத்து, உங்கள் கண்முன்னால் பொருத்திக் காட்டினேன். மறுநாள் காலை தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நீங்கள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். சாக்குக்கு இனி இடமில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போகும்போது உங்கள் முகத்தில் நன்றி எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. கோழியைப் பற்றிய பயம் அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் போன மறுநாளே ஃபியூஸ் போய்விட்டது. வயர் இணைப்பில் பனி புகுந்திருந்தது. தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. அடுப்படியில் இரண்டு தொட்டிகள் சும்மா இருந்தன. உங்கள் வழியைப் பின்பற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் மார்கழியில் இருபது டிகிரிக்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்தவனுக்கு வேறு புத்தி எப்படி வரும்? என் எவர்சில்வர் குண்டானில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கூட்டுக்குள்ளேயே வைத்தேன். காற்று போவதற்கு மேலே நீங்கள் விட்டிருந்த ஓட்டைகளைப் பார்த்து, இவ்வளவு குளிரில் இப்படித் திறந்து போட்டிருக்கிறாரே என்று உங்களைத் திட்டிக்கொண்டே என் பழைய கம்பளியைக் கிழித்து எல்லாவற்றையும் அடைத்தேன். ஜலதோஷம் பிடித்த குழந்தைக்குச் செய்வதைத்தான் செய்தேன் அக்கா. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

காலையில் கதவைத் திறந்தேன். வெந்நீரின் ஆவியும் கோழிகளின் மூச்சும் போக வழியில்லாமல் சுவரெல்லாம் நீர் வழிந்து, அதுவும் உறைந்திருந்தது. டொக்டரின் கொண்டை நுனி வெளுத்துப்போயிருந்தது. குண்டானில் தாடையை நனைத்துக்கொண்ட லோயருக்குத் தாடையில் பனி. ரீச்சர், உள்ளதில் வயதானது, மூலையில் விறைத்துக் கிடந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உங்கள் போன் வந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவீர்கள். ஏறுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்தானே நீங்கள். நான் முந்திக்கொண்டேன்.

"தண்ணி உறையவே இல்லக்கா. எல்லாரும் சூப்பரா இருக்காங்க."

"ஓமோ?" என்றீர்கள். "அப்ப நான் இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டு வரட்டே?"

"நில்லுங்கக்கா. அண்ணன் எப்படி இருக்கார்?"

"கையைப் பிடிச்சவர் விடுறார் இல்லைத் தம்பி."

போனை வைத்த பிறகு, சொன்ன பொய்யை இனிமேலாவது மெய்யாக்க வேண்டும் என்று இறங்கினேன். அலுவலகத்தில் மானேஜரிடம் ஊர்லாப், அதாவது விடுப்பு, கேட்டேன். எதற்கு என்றார். வீட்டில் ஐந்து பேருக்கு உடம்பு சரியில்லை என்றேன். கம்பளியைப் பிடுங்கி எறிந்து ஓட்டைகளைத் திறந்தேன். ஈர வைக்கோலை அள்ளிக் கொட்டிப் புதிது பரப்பினேன். கொண்டைகளுக்கு வாசலின் தடவினேன். குண்டானைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துவிட்டு, இரண்டு ரப்பர் தொட்டிகளை மாற்றி மாற்றிச் சுமந்தேன். இளஞ்சூடு, வெளியில், வெயில் விழும் சுவரோரம். விழித்ததும் அவை எவ்வளவு ஆவலாகக் குடிக்கின்றன என்று அப்போதுதான் பார்த்தேன். அலகில் அள்ளி, தலையைத் தூக்கி, கண்ணை மூடி விழுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கால் விறைக்கும்வரை நின்றிருக்கிறேன்.

ரெண்டு நாள் ஆறு நாளானது. அண்ணன் போய்ச் சேர்ந்து, காரியங்கள் முடிந்து வந்தீர்கள். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே பின்வளவுக்குப் போனீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். எண்ணிப் பார்க்கக்கூட அவசியமில்லாமல், "ரீச்சரை எங்கை வைச்சிருக்கிறாய்?" என்றீர்கள். அன்றுவரை எனக்கு 'நீர்' போட்டுப் பேசியவர்.

"ஷெட்டுல. மண்ணு கல்லா இருக்கு, தோண்ட முடியல. மன்னிச்சிருங்கக்கா, நான் பொய் சொல்லிட்டேன்."

"எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எப்படி?"

"நான் தண்ணியைப் பற்றிக் கேக்கவே இல்லை. நீயாத்தான் சொன்னாய்."

"தெரிஞ்சும் ஏன்க்கா வரல?"

நீங்கள் தொட்டியைக் குனிந்து தொட்டுப் பார்த்தீர்கள். "வந்தால் ரீச்சர் எழும்பியே வரப்போகுது? அஞ்சு வருசம் நான் பேசாத மனிசன், என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சின்னனிலை களவெடுத்துத் திண்ட மாங்காயைப் பற்றிக் கதைச்சார். அந்தக் கையை விட்டிட்டு வரச் சொல்லுறியே?" பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தமுறை பொய் சொல்லேக்கை, கேட்டாப் பிறகு சொல்லு" என்றீர்கள். அழுகைக்கு நடுவில் சிரித்தோம்.

மூன்று குளிர்காலம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. ப்ராஜெக்ட் முடியும் நேரம், அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்று இழுத்தேன். நீங்கள் என் பெட்டியை நீங்களே இறக்கி வைத்தீர்கள். "கம்ப்யூட்டருக்குத் தண்ணி வைக்கிறதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம். போ." அப்போது உங்களுக்கு இருமல் இருந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் குறித்து டெர்மின் எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். சரி என்று விமானம் ஏறினேன்.

பத்து நாள் முடியுமுன் திரும்புவதாக இருந்தேன். ஒன்பதாம் நாள் உங்களுக்குப் போன் போட்டேன். நான் 'அக்கா' என்று சொல்லி முடிக்கவில்லை.

"நான் சுகமா இருக்கிறன் தம்பி. ஒரு குறையும் இல்லை. நீ அப்பாவைப் பார், ஆறுதலா வா."

சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டு டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். மொத்தம் பதினாறு நாள் அப்பாவோடு இருந்தேன். அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் அவர் முகத்தை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. குழறலாகத்தான் பேசினார், ஆனால் நிறுத்தாமல் பேசினார். ஜெர்மனிக்குக் கிளம்பிய என்னை ரயிலேற்றிவிட்ட நாளில் ஸ்டேஷன் கழிவறையில் போய் அழுததைச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் இரண்டாவது தடவை தாக்கியது. அதன்பின் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் திரும்பி வந்தபோது கதவைத் திறந்தது உங்கள் அண்ணன் மகள். கையில் தண்ணீர்த் தொட்டி. நீங்கள் போய்ச் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. "உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு மாமி சத்தியம் வாங்கிப்போட்டா அண்ணை" என்றாள். அன்று நான் போன் போட்டபோது நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருக்கிறீர்கள். வீட்டு நம்பருக்கு வரும் அழைப்பை உங்கள் கைபேசிக்கு மாற்றி வைக்கச் சொல்லியிருந்தீர்களாம், நான் கூப்பிடுவேன் என்று.

நீங்களும் நான் கேட்காமலேதான் சொன்னீர்கள் அக்கா. உங்களுக்கு இருந்த காது எனக்கு இல்லாமல் போய்விட்டது.

அப்பாவின் அந்தக் குழறல் பேச்சு முழுவதும் என்னிடம் இருக்கிறது. அதை எனக்குத் தந்தது நீங்கள். யாரோடு போனில் பேசினாலும் இப்போது முதலில் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறப்பதில்லை. மனைவிக்கு இது ஒரு வேடிக்கை. அன்று உங்களிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் நீங்கள் பொய்தான் சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டிருக்கலாம் அக்கா.