தலை இடிக்குது, அங்கிள்

அண்ணா,

இன்று காலை மகளுக்குப் புது ஹெல்மெட் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை குசினி முழுக்கப் பரவியது. பெட்டியை மூடிக் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். சனிக்கிழமை அவள் மறுபடியும் கிரிக்கெட் விளையாடப் போகிறாள், இரண்டு வருடத்துக்குப் பிறகு. டொக்டர் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவளுக்கும் பதின்மூன்று வயதாகிவிட்டது, மறிக்க என்னிடம் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று யாருக்கும் சொல்ல முடியாததால்தான் இல்லாத உங்களுக்கு எழுதுகிறேன்.

நோபல் பார்க்கில் அந்த மைதானத்தின் கார் தரிப்பிடத்தில்தான் நாம் அறிமுகமானோம். உங்கள் மகளும் என் மகளும் ஒரே அணி. நீங்கள் அணியின் மனேஜர், நான் ஸ்கோர் எழுதுகிறவள். நீங்கள் மதுரை, நான் யாழ்ப்பாணம். "நீங்க பேசுறதுல பாதி புரியுதுக்கா, மீதிய சிரிச்சு சமாளிக்கிறேன்" என்பீர்கள். பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. நம் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சட்டம் போட்டீர்கள். "என்கிட்ட எதுன்னாலும் தமிழ்ல சொல்லணும். இல்லன்னா அங்கிளுக்குக் காது கேக்காது." என்னிடம் ஒரு சொல் தமிழ் பேசாத என் மகள் உங்களிடம் வசனம் வசனமாகப் பேசினாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான்.

அமெரிக்காவில் சில வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர் நீங்கள். ஒரு நாள், செயலியில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் பதிந்து, படிவங்களைச் சரிபார்த்து, யார் எந்த வாரம் என்ன வேலை என்று பட்டியல் போட்டு முடித்த களைப்பில் சொன்னீர்கள். "அங்கயும் இப்படித்தான்க்கா ஆரம்பிச்சிருக்கு. மொதல்ல பசங்க தெருவுல தானா ஆடியிருக்காங்க. கெட்டுப் போயிருவாங்கன்னு பெரியவங்க மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்புறம் விசில், யூனிஃபார்ம், கப்பு. கடைசில பசங்களுக்கு விளையாட்டு, அப்பா அம்மாவுக்குப் பரீட்சைன்னு ஆயிருச்சு." நான் சிரித்தேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் விளையாட்டை ஒரு பெரியவரும் நின்று பார்த்ததில்லை. இங்கே இத்தனை படிவம், இத்தனை கண் இருக்க, பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நம்பியிருந்தேன். பரீட்சை என்று நீங்கள் சொன்னது என்னையும் சேர்த்துத்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிராந்திய அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஒருவர் வந்திருந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, மடியில் ஒரு கொப்பியோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தார். நான் ஸ்கோரைப் பார்த்ததைவிட அவருடைய பேனையைப் பார்த்ததுதான் அதிகம். நம் பிள்ளைகள் பந்து வீசி முடிக்கிற நேரம், என் மகள் பந்தைத் துரத்திப்போய் இன்னொரு பிள்ளையோடு மோதி விழுந்தாள். அது தூரத்தில் நடந்தது. எழும்பிக் கையை ஆட்டிச் சிரித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

பிறகு துடுப்பெடுத்தாட அவளுடைய முறை. காலுக்குப் பட்டை கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தாள். "தலை இடிக்குது, அங்கிள்" என்றாள்.

"அடடா, இது சின்ன சைஸாச்சே? இரு கண்ணு" என்று பையைக் கிளறி வேறொன்றை எடுத்துப் போட்டுவிட்டீர்கள். பட்டியையும் தளர்த்திவிட்டீர்கள். "இப்ப இடிக்குதா?"

அவள் ஹெல்மெட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாவது ஓவரில் ஓட்டம் எடுக்கப் பிழையான பக்கம் ஓடினாள். ஆட்கள் சிரித்தார்கள். பிறகு பிட்ச் நடுவிலேயே குந்தியிருந்து சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். அம்புலன்ஸில் அவளிடம் பெயர் கேட்டபோது தங்கச்சியின் பெயரைச் சொன்னாள். மோதியதில் மூளை அதிர்ந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் யன்னல் சீலையைத் திறக்கவில்லை, வெளிச்சம் பட்டால் அழுவாள். ஒரு பக்கம் வாசிக்க முடியாது. இவள் பழையபடி வரமாட்டாளோ என்று நான் பயந்த பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

கழகத்துக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று விளங்கப்படுத்தினீர்கள். உங்கள் ஊரில் தலை இடிக்குது என்றால் தலை எதிலோ முட்டுகிறது என்று அர்த்தம், எங்கள் ஊரில் தலை வலிக்கிறது என்று அர்த்தம். மேசையைச் சுற்றியிருந்த, தமிழ் தெரியாதவர்களுக்கு இது ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளை உங்களிடம் சொன்னதா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். "சொன்னா. தப்பு என்னோடதுதான்" என்று கையெழுத்துப் போட்டீர்கள். என்னையும் கேட்டார்கள். "ஓம், அவரிட்டத்தான் சொன்னவள்" என்றேன். அடுத்த வாரம் மனேஜர் பொறுப்பை விட்டுவிட்டீர்கள். கார் தரிப்பிடத்தில் கண்டபோது நீங்கள் மகளைப் பற்றித்தான் விசாரித்தீர்கள். "பரவாயில்லையாக்கா? படிக்கிறாளா?" நான் அவசரமாகப் போவது போலக் கார் கதவைத் திறக்கத் திறப்பை எடுத்தேன். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. செத்த வீட்டில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்து, "உங்க பொண்ணப் பத்தியே பேசிட்டு இருப்பாரு, அந்தத் தப்ப அவரு மறக்கவே இல்ல" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அண்ணா, உங்களுக்கு விளங்காத சொல் எனக்கு விளங்கியது. நான் இரண்டடி தள்ளி ஸ்கோர் மேசையில் இருந்தேன். அவள் சொன்னது காதில் தெளிவாக விழுந்தது. அது என் ஊர்ச் சொல், என் வாயிலிருந்துதான் அவளுக்கு வந்தது. அதுவும் நான் யார்? முதியோர் இல்லத்து நேர்ஸ். யாராவது வழுக்கி விழுந்தால் கண்ணுக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பவள், திரும்பத் திரும்ப எழுப்பிப் பெயர் கேட்பவள். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் தெரிவு செய்ய வந்த அந்த மனிதர் கொப்பியைத் திறந்து பேனையைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு நாலு ஓவர் ஆடிவிட்டு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். உங்களைக் குற்றவாளியாக்கிய கூட்டத்திலும் அதை விழுங்கிக்கொண்டேன். நான் செய்தது கேவலம்.

நேற்றுக் காரில் வரும்போது மகள் கேட்டாள். இங்கிலிஷில் இல்லை, உங்களோடு பேசிய அதே தமிழில். "அம்மா, நான் விழுந்த அண்டைக்கு நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள்?" சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தோம். "ஞாபகமில்லை, பிள்ளை" என்றேன். அவள் வெளியே பார்த்தாள்.

பந்துக்கு நான் பயப்படவில்லை. அன்றைக்கு அவள் முதலில் வந்தது உங்களிடம் இல்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு முன்னால்தான் வந்து நின்றாள், வாய் திறப்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஸ்கோர் எழுதினேன். அதன்பிறகுதான் திரும்பி உங்களிடம் நடந்தாள். அந்தத் திரும்பலைத்தான் நான் நாளும் பொழுதும் சுமந்துகொண்டு திரிகிறேன். சனிக்கிழமை நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். நான்தான் இருப்பேன். அவளுக்கு எங்காவது நொந்தால் யாரிடம் போய்ச் சொல்லுவாள், அண்ணா?