மெட்டியைக் கழற்றிவிட்டுப் போ

கேட்டி, டெக்சாஸ்
20 ஜனவரி 1998, செவ்வாய்

அன்புள்ள ப்ரியா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி செழியன் மூவரும் சுகம். நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்கப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுத அழுகையிலேயே அது தெரிந்துவிட்டது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் நமக்குள் அது சரிப்படாது, நீ அழுவாய், நான் கத்துவேன், அப்பா மாடியில் இன்னொரு போனை எடுத்துக்கொண்டு விடு கண்மணி விடு கண்மணி என்று என்னை அடக்குவார், கடைசியில் ஒன்றும் முடிவாகாது. அதனால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், கதையைப் பிறகு படி. அடுத்த வாரம் நீ அலாஸ்காவின் அந்த வடக்குக் கடற்கரைக்குப் போகிறாய். மெட்டியைக் கழற்றிவிட்டுப் போகிறாய். உன் மாமியாரிடம் நான் பேசியாயிற்று.

இங்கேயும் குளிர்தான், ஆனால் உன்னிடம் சொன்னால் சிரிப்பாய். போன வாரம் ஒருநாள் ராத்திரி உறைபனி வரும் என்று டிவியில் சொன்னான், அப்பா பின்கட்டு முருங்கைக்கு என் நல்ல பெட்ஷீட்டை எடுத்துச் சுற்றிவிட்டார். காலையில் பார்த்தால் பனியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பெட்ஷீட் முழுக்க எறும்பு. அன்றிலிருந்து பேப்பர் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது ஹூஸ்டன் வெதரை இல்லை, அலாஸ்கா வெதரைத்தான். நீ போகிற ஊருக்கு மைனஸில் ஒரு நம்பரைப் படித்துவிட்டு, காபியை அப்படியே வைத்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறார். வீட்டுக்குள்ளே! செழியனுக்கு உன் நினைப்பு இருக்கிறதா என்று கேட்டேன், ஷி வில் பி ஃபைன் மா என்று சொல்லிவிட்டு ரூம் கதவைச் சாத்திக்கொண்டான், அரை மணி கழித்து வந்து, அங்கே போலார் பேர் நிஜமாகவே வருமா என்று அவனாகவே தமிழில் கேட்டான். பயந்துதான் போயிருக்கிறான்.

நேற்று லீவு. நானும் வருகிறேன் என்று அப்பா சட்டை மாட்டிக்கொண்டு நின்றார், வேண்டாம், நீங்கள் வந்தால் மாப்பிள்ளையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு, நானே பெல்ட்வேயில் டிரைவ் பண்ணிக்கொண்டு பேர்லேண்டுக்கு உன் மாமியார் வீட்டுக்குப் போனேன். வழி முழுக்க மனதுக்குள் வாதம்தான். கை கால் விரலில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, கழற்று, இல்லாவிட்டால் வராதே என்று உங்கள் புரொஃபசர் சொல்வது நியாயம்தானே, ரெண்டு வருஷப் படிப்பு அந்தக் கடல்பனியைத் துளை போட்டு எடுப்பதில்தானே இருக்கிறது, மாமியார் வேண்டாம் என்ற ஒரு வார்த்தைக்காக அதை விடுவதா, இப்படி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். போய் இறங்கியதும் மாப்பிள்ளை கராஜுக்கு ஓடி வந்தார். அத்தை, அம்மாவுக்கு இது தெரியாதுங்க, பயந்துக்குவாங்கன்னு நாங்க ரெண்டு பேரும் சொல்லலைங்க என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். நவம்பரில் நீ ட்ரெயினிங்குக்குப் பனியில் போனபோது மெட்டியின் மேலேயே ரெண்டு சாக்ஸைப் போட்டுக்கொண்டாயாம், இடது கால் விரல் வெள்ளையாகி உணர்ச்சியே போய்விட்டதாம், சோப்பு போட்டு மெட்டியை இழுத்து எடுத்த பிறகுதான் உணர்ச்சி வந்ததாம், ரூமுக்கு வந்ததும் மறுபடியும் போட்டுக்கொண்டாயாம். அட கெரகமே! இத்தனை படித்துவிட்டு இப்படியா ஒருத்தி செய்வாள்? பெற்றவளிடம் சொல்வதற்கு என்ன? உன்னை நேரில் பார்க்கிறபோது இதற்கு இருக்கிறது உனக்கு.

உன் மாமியார் எனக்காக அரிசிம்பருப்பு சாதம் வைத்திருந்தார், நெய் விட்டு, கத்தரிக்காய்ப் பொரியலோடு. நான் வந்த விஷயம் அவருக்குத் தெரியாதா என்ன, சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். ஏனுங்க, நான் படிக்கறவளைத் தடுக்கறவ இல்லீங்க, அவளுக்கே தெரியும். இவங்கப்பா போனப்ப ஒறம்பரையெல்லாம் சுத்தி நின்னு எங்காலைப் புடிச்சுக் கழட்டுனாங்க, எனக்கு வேண்டாம் வேண்டாம்னு கத்தறதுக்குக்கூட நெனப்பில்லீங்க, அந்தக் கை இன்னம் எங்காலு மேல இருக்கறாப்பலவே இருக்குது. இவன் தெனமும் அந்த ஃப்ரீவேல போறானுங்க. எம்மருமக காலுல இருந்து கழட்டறதுக்கு எவ்வாயால சரீன்னு எப்படீங்க சொல்லுவேன், என்றார். அடுக்கி வைத்துக்கொண்டு போன பேச்சில் ஒன்றுகூட அந்த இடத்தில் எடுபடாது என்று தெரிந்தது. நாமெல்லாம் அவரை ஏதோ ஊர்ப்பக்கத்துச் சாஸ்திரம் பேசுகிறவர் என்று நினைத்துவிட்டோம். அவர் பயந்தது பிள்ளைக்காக. நான் அவ்வளவு தூரம் காரை ஓட்டிக்கொண்டு வந்ததும் பிள்ளைக்காகத்தானே.

அதனால் வாதம் எதுவும் செய்யவில்லை, உன் விரலுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் அப்படியே சொல்லிவிட்டேன். எந்தக் காலுங்க என்று கேட்டார். இடது என்றேன். இப்ப உணர்ச்சி இருக்குதுங்களா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் எழுந்தார் பார், ஹாலுக்குப் போய் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். ஏண்டா, அந்தப் புள்ள வெரலு செத்துப் போயிருந்தா என்னடா பண்ணியிருப்பே, மெட்டிய வெச்சுக் கும்பிட்டுட்டு இருந்திருப்பயா, எங்கிட்டச் சொல்லோணும்னு தோணுச்சாடா உனக்கு என்று விட்ட டோஸில், பெரிய இன்ஜினியர் மாப்பிள்ளை பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் குறுக்கே போகவில்லை, எனக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. திரும்பி என்னிடம் வந்து, கழட்டச் சொல்லிடுங்க, மெட்டி எந்தக் கடையிலயும் கெடைக்கும் என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

ஆனாலும் அவர் மனது அடங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நகையைக் கழற்றச் சொன்னால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வதில்லையா, அது மாதிரி ஒன்று அனுப்பலாமே என்றேன். உடனே நூலும் மஞ்சளும் எடுத்து வந்தார், டேபிள் மேல் வைத்தார், வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். நீங்க முடிச்சுப் போடுங்க, என் கை வேண்டாமுங்க என்றார். எனக்கு வந்ததே கோபம்! உங்க மகன் நல்லா இருக்கோணும்னு போடற முடிச்சு, அத உங்களவிட நெனைக்கறவங்க யாருங்க இருக்காங்க, நீங்க போட்டாத்தான் நான் எடுத்துட்டுப் போவேன், இல்லீன்னா இங்கியே கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, நூலுக்கு மஞ்சள் தடவி, முடிச்சுப் போட்டார். முடிச்சு கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது, அவிழ்த்துச் சரி பண்ணுகிறேன் என்று கிளம்பாதே. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கார் சாவியைத் தேடினார், சாவி என் கையில் இருந்தது.

அந்தக் கயிறு இந்தக் கவருக்குள் இருக்கிறது. விரலில் கட்டாதே, நூலும் இறுக்கும். தாலிச் செயினோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள், ஸ்வெட்டருக்கு உள்ளே கதகதப்பாக இருக்கட்டும். மெட்டியை வெந்நீரில் சோப்பு போட்டு மெதுவாகக் கழற்றி, ஒரு துணியில் முடிந்து ரூமிலேயே வைத்துவிட்டுப் போ, அங்கே கொண்டுபோய்ப் பனியில் தொலைத்துவிட்டு நிற்காதே. இடது காலைத் தினமும் பார், நிறம் மாறினால் அந்த நிமிஷமே புரொஃபசரிடம் சொல், வெட்கமென்ன. சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்று. சாப்பாட்டில் மூக்கைச் சுளிக்காதே, அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கறியைக் கொடுக்கிறார்களோ அதைச் சாப்பிடு, அந்தக் குளிருக்கு என்ன தின்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? கரடி விஷயத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் பக்கத்திலேயே நட, போட்டோ எடுக்கிறேன் என்று பின்தங்காதே. மற்றபடி உனக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, உனக்கு உன் வேலை தெரியும், என் மகள் அந்தப் பனியில் நின்று துளை போடுவாள் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஜலஜா ஆன்ட்டி கோயிலில் பார்த்து, பொண்ணை அங்கெல்லாமா அனுப்பறீங்க என்று கேட்டாள், அவளாகப் போகிறாள், நான் வாசலில் நின்று கையசைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஓவர்நைட் மெயிலில் போடுகிறேன், எப்படியும் வெள்ளிக்குள் வந்துவிடும். கவரைப் பிரித்ததும் மெட்டியில் கை வைக்காதே, எனக்கும் போன் பண்ணாதே, முதலில் பேர்லேண்டுக்குப் பண்ணு. நான் எழுதியதெல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். கழட்டிக்கட்டுங்களா அத்தை என்று உன் வாயால் கேள். அவர் சரி என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, இருந்தாலும் கேள். அவர் காலில் இருந்து எடுத்தபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை கண்ணு.

மாப்பிள்ளையும் நீயும் நூறு வயசு நன்றாக இருங்கள், பத்து விரலோடும் திரும்பி வா, மாரியம்மன் துணையிருப்பாள்.

உன் அம்மா
கண்மணி கிட்டுசாமி