பொய்க்கு ஒன்றரை அங்குலம்

2008 செப்டம்பர் 14, ஞாயிறு
அப்பாசியா

இன்றும் ஒருத்தி பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே அளவு ஜாக்கெட். கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'அளவு ஜாக்கெட் வாங்கப்படாது. ஆளை அளந்துதான் தைக்கப்படும்.' அதைப் படித்துவிட்டுத்தான் பெல் அடித்திருக்கிறாள். "அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்" என்கிறாள்.

விரித்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. அவளுடைய மூத்த பையனுக்கு மீசை முளைத்துவிட்டது. குவைத்தில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் யாரும் தைக்க வரும்போது தங்கள் உடம்பைக் கொண்டுவருவதில்லை. என்றோ இருந்த ஒருத்தியின் உடம்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதை நம்பித் தைத்துக் கொடுத்தால் மறுநாள் போன் வரும். "டைட்டா வச்சிட்டீங்களே டெய்லரக்கா!"

டெய்லரக்கா. சென்னையில் மூன்று வருடம் ஃபேஷன் டிசைன் படித்தது இந்தப் பட்டத்துக்குத்தான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

லைனிங் துணி எடுக்க மிர்காப் போயிருந்தேன். நோன்பு திறந்த கையோடு ஜவுளிக்கடை கௌஸ் முகைதீன் பாய் டீ வரவழைத்தார். கீழக்கரைக்காரர். காரியம் இல்லாமல் டீ வாங்கித் தருகிற ஆள் இல்லை. கடைக்கு மேலே மாடி சும்மா கிடக்கிறதாம்.

"லைசென்ஸு, ஸ்பான்சர் பண்ற கஃபீலு எல்லாம் ஏம் பொறுப்பு தங்கச்சி. ஒங்க பேர்லயே போர்டு போட்டுக்குவோம். ஆனா ஒங்க வேலைய நான் மேடையில பாக்கணும். ஒங்க தமிழ்ச் சங்கத்துத் தீபாவளி விழாவுக்கு வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். இன்ஷா அல்லாஹ் அன்னைக்கே முடிவு சொல்லிடுறேன்."

பானு டிசைன்ஸ். வெளிச்சம் போட்ட போர்டு. இப்போது ஹால் மூலையில் திருடி மாதிரி தைக்கிறேன். பில்டிங் ஹாரிஸ், அதாவது வாட்ச்மேன், மாடியேறும் செருப்புச் சத்தம் கேட்டால் மிஷின் மேல் பெட்ஷீட்டை இழுத்துப் போடுகிறேன். கதவில் ஒட்டியிருப்பது அவனுக்குத் தெரியாத தமிழில், அதுவரை தப்பித்தேன். கணவன் விசாவில் வந்தவள் வீட்டில் கடை நடத்தக் கூடாதாம். அந்தப் போர்டு எனக்கு வேண்டும். வேறு எதுவும் இவ்வளவு வேண்டும் என்று இருந்ததில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

சங்கத்தின் மகளிர் அணிக் கூட்டம். தலைமை, செயலாளர் ரகுநாதனின் மனைவி. அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தாக வேண்டும். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் அவள் மிஸஸ் ரகுநாதன்தான், அவளுக்குமே.

விழாவில் பட்டுச்சேலை அணிவகுப்பு. பன்னிரண்டு பெண்கள். எல்லா ஜாக்கெட்டும் நான் தைப்பது. முதுகில் வைரம் வடிவத்தில் ஒரு ஜன்னல், ஓரத்தில் முத்து. பத்துப் பதினைந்து தாள் கிழித்து வரைந்த ஜன்னல் அது. பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்கள்.

டேப்பை எடுத்தேன். ஒருத்தி கூட எழுந்து வரவில்லை. ஆளாளுக்குப் பையைத் திறந்தார்கள். பதினோரு அளவு ஜாக்கெட்! பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். "டேப்பெல்லாம் எதுக்கும்மா, எங்களுக்குக் கூச்சமா இருக்கு" என்றாள் மிஸஸ் ரகுநாதன். முதுகில் ஜன்னல் வைக்கக் கூச்சமில்லை, டேப் பிடிக்கத்தான் கூச்சம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டினேன். சிவசங்கரன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாங்கித் தெச்சுக் குடுத்துட்டுப் போ கண்ணு. எதுக்கு வீம்பு?" ஆயில் கம்பெனியில் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிச் சம்பளம் வாங்குகிற மனுசனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

வாங்கிக்கொண்டேன்தான். ஆனால் ஒரு முடிவு. ஆளுக்கு ஒன்றரை அங்குலம் கூட்டித் தைக்கப் போகிறேன். பொய் வரி.

செப்டம்பர் 25, வியாழன்

ஒருத்தியின் அளவு ஜாக்கெட் அவளுடைய தங்கச்சியுடையது. கழுத்துக்குள் தங்கச்சி பெயரே மையால் எழுதியிருக்கிறது. இவளுக்கு மூன்று அங்குலம்.

அக்டோபர் 3, வெள்ளி

பெருநாள் லீவு. பன்னிரண்டாவது ஆள் வந்தாள். நாகஜோதி டீச்சர். இங்கே இந்தியன் ஸ்கூலில் கணக்கு எடுப்பவள். கோவில்பட்டிப் பக்கம். ஐம்பதைத் தொடப்போகிற வயது, இழுத்துக் கட்டிய கொண்டை, சிரித்தால் மார்க் போட்டுவிடுவோமோ என்கிற முகம். அணிவகுப்பில் இவளுக்கு என்ன வேலை?

பையிலிருந்து ஒரு காட்டன் ஜாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதுல இருக்கிறது இருக்கிற மாதிரியே வேணும். ஒரு நூலு மாத்தப்பிடாது."

ஜன்னல் டிசைனைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "படிச்சேன் படிச்சேங்கிற. முதுகுல ஓட்டை போடவா மூணு வருசம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தோளாவது அளக்கலாமே என்று டேப்போடு கிட்டே போனேன். கையைத் தட்டிவிட்டாள். "மேல கை வைக்காத." வகுப்பில் பையன்களைத் தட்டுகிற அதே கை. போய்விட்டாள்.

அப்புறம் அந்த ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இடது பக்கம் ஒரு பை! கையால் தைத்த பை, பெரிதாக. ஊரில் சந்தைக்குப் போகிற பொம்பளைகள் காசு வைத்துக்கொள்வார்களே, அது. குவைத்துக்கு வந்து, டீச்சராகி, தோளில் ஹேண்ட்பேக் மாட்டியும் ஜாக்கெட்டுக்குள் காசு முடிகிற புத்தி போகவில்லை. பட்டு ஜாக்கெட்டில் பையாம். அதைத் தைக்கப் போவதில்லை. ஜன்னலும் உண்டு, வரியும் உண்டு.

அக்டோபர் 18, சனி

பதினோரு பேரும் போட்டுப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்துகிறது. நன்றி வருமென்று பார்த்தால், மிஸஸ் ரகுநாதன் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று சொல்கிறாள்: "பாத்தீங்களா, காலேஜ் அளவே எனக்கு இன்னும் சரியா இருக்கு."

மற்ற பத்தும் ஆமாம் ஆமாம் என்றன.

நாகஜோதி மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திமிர்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஸ்கூல் விட்டதும் நேரே வந்தாள். உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டாள். ஜாக்கெட்டை மேஜைமேல் போட்டாள்.

"பை எங்க?"

"டீச்சர், காசு வைக்கத்தான் ஹேண்ட்பேக் இருக்கே..." அப்படித்தான் சொன்னேன். வேண்டுமென்றே, ஒரு இளிப்போடு.

சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, போட்டிருந்த ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே கையை விட்டு, உருட்டித் தைத்த ஒரு துணிப்பந்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

இடது பக்கம் ஒன்றுமில்லை. குறுக்கே ஒரு தழும்பு, அக்குள் வரைக்கும்.

"பாத்துட்டியா? இதைத்தான் அதுல முடிஞ்சு வச்சிருக்கேன். போன வருசம் லீவுல மதுரையில எடுத்தது. இங்க எல்லாருக்கும் எங்க அண்ணன் மக கல்யாணத்துக்குப் போனேன்னு கணக்கு. நீ தச்ச ஜன்னலுக்கு இது எங்க நிக்கும்? ரெண்டு எட்டு வச்சா தோளுக்கு வந்துரும்."

அப்போதும் கேட்டேனே ஒரு கேள்வி: இவ்வளவு சிரமத்தில் மேடை ஏறத்தான் வேண்டுமா?

"ரகுநாதன் பொண்டாட்டி எம் பேரை வெட்டப் பாத்தா. டீச்சருக்கு வயசாயிருச்சாம். அவளுக்காகவே ஏறுவேன்."

அடி வயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் என் கண்ணில் தண்ணீர் நிற்பது தெரிந்தது.

டேப்பை நீட்டினேன். இந்த முறை கையைத் தட்டவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

அந்தப் பையை நான் சந்தைப் பையின்னு நெனச்சேனே. தையலைப் பாத்தாவது தெரிய வேண்டாமா எனக்கு? நாலு பக்கமும் ரெட்டைத் தையல், காசுக்கு எவ போடுவா? எல்லாரும் பொய்யின்னு நானே முடிவு பண்ணிட்டேன். மூணு வருசப் படிப்பு — தூ.

அக்டோபர் 24, வெள்ளி

ஒத்திகை. நாகஜோதிக்குப் புதிதாகத் தைத்துவிட்டேன். முதுகு மூடியது, கழுத்து ஏறியது, கை முழங்கை வரை. உள்ளே பை, அதை இழுத்துப் பிடிக்கப் பின்னால் பட்டை. முத்தெல்லாம் கழுத்தைச் சுற்றி ஒரே வரிசை. சொல்லக் கூடாது, பன்னிரண்டில் அதுதான் அழகு.

மிஸஸ் ரகுநாதனுக்குக் கண் அங்கேதான் போனது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பன்னெண்டு பேரும் ஒரே மாதிரின்னுதான பேச்சு? அவங்க மட்டும் ஏன் வேற?"

"அது என் டிசைன்."

"அப்ப அவங்கள வேண்டாம்னு சொல்லிடுங்க. முடியாதுன்னா, மேடையில உங்க பேரைச் சொல்ல மாட்டோம். யோசிச்சுக்குங்க."

கௌஸ் பாய் அந்தப் பெயரைக் கேட்கத்தான் வருகிறார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், இந்தப் பொம்பளை வாயடைத்துப் போயிருப்பாள். சாயங்காலத்துக்குள் அந்த வாக்கியம் அப்பாசியாவில் எல்லாப் பக்காலா மளிகைக் கடையிலும் தயிரோடு சேர்த்து விற்றிருக்கும்.

"சொல்லாதீங்க" என்றேன். "நல்லா இருங்க."

வீடு வரும்வரை போச்சே, போச்சே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி. இவருக்கு டியூட்டி. எனக்குத் தலைவலி.

நவம்பர் 1, சனி

நேற்று விழா. ஸ்கூல் ஆடிட்டோரியம் நிரம்பி வழிந்தது. குழந்தைகள் தமிழ்ப் பாட்டுக்கு ஆடிவிட்டு இங்கிலீஷில் சண்டை போட்டன. ரகுநாதன் முக்கால் மணி நேரம் பேசினார்.

பதினோரு ஜன்னல்கள் வரிசையாக நடந்தன. கைதட்டினார்கள். கடைசியில் நாகஜோதி. கரும்பச்சைப் பட்டு. வகுப்புக்குள் நுழைகிற அதே நடை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மேடை நடுவில் நின்று, திரும்பி, மூடிய முதுகைச் சபைக்குக் காட்டிவிட்டுப் போனாள். பின்வரிசையில் அவளிடம் படிக்கிற பையன்கள் விசிலடித்தார்கள். அரங்கமே சேர்ந்து தட்டியது. உள்ளே எதுவும் நகரவில்லை.

"உடை அலங்காரம்: மகளிர் அணி" என்றது மைக். மூன்றாவது வரிசையில் கௌஸ் பாய் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 6, வியாழன்

மிர்காப். டீ வரவில்லை.

"வேலை சுத்தமா இருந்துச்சு தங்கச்சி. வீட்டுல அந்தப் பச்சை ஜாக்கெட்டத்தான் பேசுறாங்க. ஆனா பேரே சொல்லலையே. பேரு வெளிய தெரியாத ஆளுக்கு நான் எப்படிப் போர்டு போடுறது? அடுத்த வருசம் பாப்போம்." மாடி ஒரு செருப்புக் கோடவுனுக்குப் போகிறதாம்.

செருப்புக்கு இருக்கிற பெயர் எனக்கு இல்லை. வாங்க வேண்டிய லைனிங் துணியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நவம்பர் 20, வியாழன்

நாகஜோதி வந்தாள். "போர்டு போச்சாமே."

"போச்சு."

"அழுதியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. ஃபஹாஹீல்ல இருந்து ஒருத்தி வருவா. என்னைய மாதிரித்தான். கதவச் சாத்திட்டுப் பேசு. உன் படிப்பப் பத்தி அவகிட்ட அளக்காத."

2009 ஜனவரி 11, ஞாயிறு

மிஸஸ் ரகுநாதன் பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்க வேறு இடம் பார்த்திருக்கிறாளாம். அந்த டெய்லரும் காலேஜ் அளவில் தைத்துத் தரட்டும், மூச்சு விட முடிகிறதா பார்க்கலாம்.

பையின் உள்ளே வைக்கும் கிண்ண வடிவத்துக்கு மாதிரி வெட்ட நல்ல கெட்டி அட்டை தேவைப்பட்டது. வீட்டில் வேறு இல்லை. கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு அட்டையைப் பிய்த்து, திருப்பிப் போட்டு வெட்டினேன்.

மதியம் பெல் அடித்தது. தெரியாத பெண். சல்மியாவிலிருந்து வருகிறாள். கையில் பிளாஸ்டிக் பை. "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கேன், டெய்லரக்கா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

வாங்கிக்கொண்டேன். முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.