குட்டைச் சோளம்

மாப்ள,

சிம்மக்கல் தானியக் கடையில் இன்று சோளம் வந்து இறங்கியிருந்தது. மழையில் லேசாக நனைந்த மூட்டைகள். அந்தப் புழுங்கிய வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். கடைக்காரர், "என்ன வாத்தியாரே, எம்புட்டு வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாமென்று வந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. இன்னும் எனக்குச் சோளச்சோறு தொண்டையில் இறங்குவதில்லை.

உன் அய்யா விதை எடுத்த விதம் உனக்குத் தெரியும். அறுப்பு முடிந்ததும் களத்தில் உட்கார்ந்து, நெட்டை, குட்டை, சிவப்பு, வெள்ளை, எல்லாக் கதிரிலும் ஒரு கை எடுத்து விதைப்பானையில் போடுவார். அவர் காலமான வருஷம்தான் நான் பசுமலையில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தேன். உயிர்கள் மாறிவந்த கதையைப் பிள்ளைகளுக்கு நடத்தினேன். ஒரே இனத்திலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது; அந்த வேறுபாடு குட்டிக்கும் இறங்கும்; பிழைத்ததன் வித்துதான் பெருகும். அவ்வளவுதான் பாடம். அதையும் அரைகுறையாகப் புரிந்துகொண்டு உன் களத்தில் வந்து சட்டமாக உட்கார்ந்தேன்.

"குட்டைய எதுக்கு மாப்ள விதைக்கிற? நெட்டையில பெருங்கதிரா மட்டும் பொறுக்கு. மூணே வருஷம், காடு பூரா ஒண்ணுபோல நிக்கும்."

"அய்யா இருந்தா வைவாரு," என்று சிரித்தாய். ஆனாலும் படித்தவன் பேச்சென்று கேட்டாய். பாவி, கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா?

மூன்று வருஷம் நான் சொன்னபடியே நின்றது. ஊரே வந்து பார்த்தது. நாலாம் வருஷம் மழை பாதியில் நின்றுபோனது. மானாவாரிக் காடு, வேறு தண்ணீருக்கு எங்கே போவது? உன் நெட்டைச் சோளம் கதிர் வாங்கும் முன்பே மொத்தமாகக் கருகியது. வரப்புக்கு அந்தப் பக்கம், பழையபடி எல்லாம் கலந்து விதைத்த அடுத்தவர் காட்டில், குட்டைச் சோளம் மட்டும் முந்தி முதிர்ந்து சின்னச் சின்னக் கதிரோடு நின்றது. அவர்களுக்குக் கஞ்சிக்கு ஆயிற்று. அதைப் பார்த்தபோதுதான் என் பாடம் எனக்கே விளங்கியது. பிழைப்பது பெரியதும் இல்லை, பலமானதும் இல்லை. அந்த வருஷத்து வானத்துக்கு எது ஒத்துப்போகிறதோ அது. எந்த வானம் வரும் என்று யார் கண்டது? அதற்காகத்தான் உன் அய்யா எல்லாவற்றிலும் ஒரு கை வைத்திருந்தார்.

நீ பிழைப்புக்கு மலேயாத் தோட்டத்துக்குக் கிளம்பினாய். மதுரை ரயிலடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "பக்கத்துக் காட்டுல நின்னுச்சே மாப்ள, என் காட்டுல ஏன் ஒண்ணுகூட நிக்கல? படிச்சவன், நீ சொல்லு."

"எல்லாம் நேரம், மாப்ள," என்றேன்.

"ஆமா, என் நேரம்," என்று தலையாட்டிவிட்டு ஏறினாய். ஆறு மாதத்தில், அங்கே காய்ச்சலில் நீ செத்த செய்தி வந்தது.

வருஷா வருஷம் அந்தப் பாடம் வருகிறது. நடத்துகிறேன், பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவரும் என்னை ஏன் என்று கேட்டதில்லை. கேட்டவன் நீ ஒருத்தன். பதில் அன்றைக்கே என் வாயில் இருந்தது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாமல் விழுங்கிவிட்டேன். அது உன் நேரம் இல்லை மாப்ள. நான்தான்.