மண்ணைத் தொட்ட நுனி

இன்று காலையில் பாத்திரம் கழுவும்போது புளித்தண்ணீர் பட்டு, முழங்கைக்குக் கீழே சுரீரென்றது. பார்த்தால் ராஸ்பெரி முள் இழுத்த கோடு. நேற்று உங்கள் செடியோடு மல்லுக்கு நின்றதில் கிடைத்தது. "அதுக்கு உன்னயக் கண்டா ஆகாது புள்ள" என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பது காதில் விழுந்த மாதிரி இருந்தது.

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டுக்குப் போர்வெல் போடப் போய்விட்டு, ரிக் வண்டியில் ஈரச் சாக்கைச் சுற்றி அந்தச் செடிகளைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். மலைக் குளிரில் வளர்கிறதைத் திருச்செங்கோட்டு வெயிலில் சாகடிக்கவா கொண்டுவந்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். "பழம் தின்னு பாத்தேன். சாமிக்குப் புடிக்கும்" என்றீர்கள். சாமி என்றால் நம் மகள்தான். அவளுக்குப் பிடிக்கும் என்றால் மலையையே பெயர்த்துக்கொண்டு வருகிற ஆள் நீங்கள்.

அப்புறம் வாசலோரம் குழி தோண்டினீர்கள். செடிக்கா கிணற்றுக்கா என்று தெரியாதபடி இடுப்பளவு. காலமெல்லாம் பூமியைத் துளைத்த மனுசருக்கு, ஈரம் எங்கேயோ அடியில்தான் இருக்கிறது என்று அப்படியொரு நம்பிக்கை. ராஸ்பெரி வேரோ மேல்மண்ணில் படர்கிறது. ஆழத்தில் வைத்ததெல்லாம் அழுகிப்போயிற்று. குழியில் இடமில்லாமல் மிஞ்சிய ஒற்றைக் குச்சியை நான் தண்ணீர்த்தொட்டி ஓரம், முருங்கை நிழலில் சும்மா செருகி வைத்தேன். அதுதான் பிழைத்தது. நானும் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை. "சரி உடு, இனி செடி வெக்கற காண்ட்ராக்ட் உனக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டீர்கள்.

அந்தக் கொம்பு நீண்டு வளைந்து, நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் தானாகவே வேர்விட்டது. அதைப் பார்த்த பிறகு உங்களைப் பிடிக்க முடியவில்லை. நீளமான கொம்பு எது கண்ணில் பட்டாலும் வளைத்து, நுனியை மண்ணில் புதைத்து, எழும்பாமல் இருக்க வெல்டிங் கம்பியைக் கொண்டை ஊசிபோல் மடக்கிக் குத்திவிடுவீர்கள். எல்லாம் வேர்விட்டன. ஆனால் தாய்க்கொம்பிலிருந்து ஒன்றையும் அறுக்க விடவில்லை.

மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனபின் தனக்கொரு செடி கேட்டாள். நான் கத்தரியோடு போனால் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "தாயும் புள்ளையுமா இருக்குது. தனியா உட்டா ஏங்கிப் போயிரும்." அவளிடம், "அடுத்த மழைக்குத் தாரேன் சாமி" என்று ஒவ்வொரு மழைக்கும் சொன்னீர்கள். அவளைக் காரில் ஏற்றிவிட்ட அன்றும் இந்தச் செடியிடம் வந்துதான் நின்றீர்கள். நான் உங்கள் முதுகை மட்டும்தான் பார்த்தேன். அதற்குமேல் கிட்டே வரவில்லை.

நீங்கள் கண்ணை மூடியபின் வந்த முதல் மழையில், நானே ஒரு கொம்பை வளைத்து பெயிண்ட் டப்பா மண்ணில் நுனியைப் புதைத்தேன். உங்கள் கம்பியைத்தான் குத்தினேன். புதுத் தளிர் வந்துவிட்டது. காய்த்து முடிந்த தாய்க்கொம்பு காய்ந்துகொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். இந்த முறையும் அவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசில்லை. உங்கள் பேச்சைத் தட்டவும் மனசில்லை. நேற்றுக் காலை கத்தரியோடு வெகுநேரம் நின்றேன். "ஏனுங்க, அறுத்துரட்டுங்களா" என்று வாய்விட்டே கேட்டேன். கேட்டுவிட்டு அறுத்தேன். முள் கையைக் கிழித்தது.

மதியத்துக்குள் தளிரெல்லாம் தொங்கிவிட்டது. நிழலுக்கு நகர்த்தினேன், தண்ணீர் தெளித்தேன். நீங்கள் சொன்னதுதான் சரியோ என்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏங்கிப் போயிரும் என்றீர்கள். ஏங்கத்தான் செய்தது. நானும் இத்தனை மாதமாக அப்படித்தான் இருக்கிறேன். இன்று பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். இலைகள் நிமிர்ந்திருந்தன.

செடியைச் சாமி எடுத்துப்போகட்டும். கம்பியை மட்டும் கழற்றிக் கழுவி வைத்திருக்கிறேன். தொட்டி ஓரம் அடுத்த கொம்பு நீண்டுகொண்டிருக்கிறது.